சீரம் தரும் சாட்சியம்: மணல் ஈ பரப்பும் சந்திபுரா வைரசுக்கான எதிர்ப்பொருள் சோதனையின் வரலாறு – திருப்பூர்ப் பின்னலாடைப் பகுதியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

மணல் ஈக்களால் பரவும் சந்திபுரா வைரஸ் 1965ஆம் ஆண்டு நாக்பூரில் கண்டறியப்பட்டது. குழந்தைகளைச் சில மணி நேரத்தில் கொல்லும் மூளை நோயோடு அதன் பெயர் பரவலாக இணைக்கப்பட்டது 2003ஆம் ஆண்டில்தான். இடைப்பட்ட காலத்தில் இவ்வைரஸ் எங்கெல்லாம் உலவியது என்னும் செய்தியைப் பெரிதும் எதிர்ப்பொருள் சோதனைகளே தந்தன. அச்சோதனை எதைச் சொல்ல வல்லது, எதைச் சொல்ல இயலாதது என்பதைச் சென்னை, செங்கற்பட்டு, வேலூர், நாக்பூர், தெலங்கானா ஆகிய இடங்களின் வரலாற்று நிகழ்வுகள்வழி இக்கட்டுரை ஆராய்கிறது. புலம்பெயர் தொழிலாளர் நிறைந்த திருப்பூர் போன்ற பகுதியில் எதிர்ப்பொருள் முடிவுகளை எவ்வாறு வாசிக்க வேண்டும் என்னும் வினாவையும் எழுப்புகிறது.

திறவுச்சொற்கள்: சந்திபுரா வைரஸ், மணல் ஈ, எதிர்ப்பொருள், சீரம், கருங்காய்ச்சல், புலம்பெயர் தொழிலாளர், திருப்பூர்

முன்னுரை

2024ஆம் ஆண்டு ஜூன் தொடக்கம் முதல் ஆகஸ்ட் 15 வரை இந்தியாவில் 245 பேர் கடும் மூளை அழற்சி நோய்க்குறிகளுடன் கண்டறியப்பட்டனர் என்றும், அவர்களுள் 82 பேர் இறந்தனர் என்றும் உலக நலவாழ்வு நிறுவனம் அறிவித்தது. இவர்களுள் 64 பேருக்குச் சந்திபுரா வைரஸ் தொற்று உறுதிசெய்யப்பட்டது. அவர்களில் 61 பேர் குஜராத்தையும் மூவர் இராஜஸ்தானையும் சேர்ந்தவர்கள். முந்தைய இருபது ஆண்டுகளில் இதுவே பெரிய பரவல் எனவும் அந்நிறுவனம் குறிப்பிட்டது. இந்நோய்க்கெனத் தனி மருந்தோ தடுப்பூசியோ இல்லை.

இத்தகைய செய்தி வெளிவரும்போதெல்லாம் பிற மாநிலங்களில் எழும் முதல் கேள்வி, 'இங்கே உண்டா?' என்பதாகும். அதற்கு விடை காணும் வழிகளுள் பழமையானதும் செலவு குறைந்ததும் சீரத்தில் எதிர்ப்பொருளைத் தேடுவதாகும். உடலுக்குள் புகுந்த நுண்ணுயிரை எதிர்த்து உடல் உருவாக்கும் புரதமே எதிர்ப்பொருள். நோய் நீங்கிய பின்னும் அது குருதியில் எஞ்சி நிற்கிறது. ஆகவே, நோயாளியைக் காணாமலேயே நோய் வந்து போனதை அறிய முடிகிறது. வரலாற்று மாணவர்க்கு இது பழக்கமான முறையே. அரசன் மறைந்த பின்னர்க் கல்வெட்டைக் கொண்டு அவன் ஆட்சியை அறிவது போன்றது இது. ஆனால் கல்வெட்டு பெரும்பாலும் நின்ற இடத்திலேயே நிற்கும். மனிதக் குருதியோ இரயில் ஏறி வரும். எதிர்ப்பொருள் சோதனையின் வரலாற்றில் அடிக்கடி கவனிக்கப்படாமல் போகும் இவ்வேறுபாடே இக்கட்டுரையின் மையம்.

சென்னையும் மணல் ஈயும்

மணல் ஈ தமிழகத்திற்குப் புதியதன்று. மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான நீளமுடைய இப்பூச்சி, சாதாரணக் கொசுவலையின் கண்களிலும் நுழைந்துவிடும். நெடுந்தொலைவு பறக்காது, சுவரில் தத்தித் தத்திச் செல்லும். பெண் ஈ மட்டுமே குருதி உறிஞ்சும். இவ்வினத்தின் ஒரு வகை பரப்பும் கருங்காய்ச்சல் என்னும் காலா அசார், வைரசால் வருவதன்று. ஓரணு ஒட்டுண்ணியால் வருவது. எனினும், மணல் ஈ நோய்களின் ஆய்வக வரலாறு அதிலிருந்துதான் தொடங்குகிறது. அவ்வரலாற்றில் சென்னைக்குத் தனி இடம் உண்டு.

1903ஆம் ஆண்டு சென்னை அரசு பொது மருத்துவமனையில் பணியாற்றிய சார்லஸ் டோனவன், மண்ணீரல் வீங்கிய நோயாளிகளின் திசுக்களில் நுண்ணிய உருண்டைகளைக் கண்டார். ஏறத்தாழ அதே காலத்தில், இங்கிலாந்தின் நெட்லி இராணுவ மருத்துவமனையில் இறந்த ஒரு படைவீரரின் மண்ணீரலில் தாம் கண்ட அதே உருண்டைகளைப் பற்றி வில்லியம் லீஷ்மன் எழுதினார். இருவர் பெயரையும் இணைத்து 'லீஷ்மேனியா டோனவனி' என்று அவ்வொட்டுண்ணிக்கு ரொனால்டு ராஸ் பெயரிட்டார். லீஷ்மன் கண்ட படைவீரர் கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் பணிபுரிந்தவர். ஆகவே ஒட்டுண்ணி தெரிந்தது நெட்லியில் என்றாலும், நோய்க்கு வழங்கிய பெயர் 'டம்டம் காய்ச்சல்'. நோய் கண்டறியப்பட்ட இடமும் நோய் தொற்றிய இடமும் வேறு என்பதை அன்றே அறிந்திருந்தனர். டோனவனின் நோயாளிகளோ சென்னையிலேயே வாழ்ந்தவர்கள். கருவி ஒன்று, ஒட்டுண்ணி ஒன்று. எனினும், இரு முடிவுகளும் சுட்டும் நிலப்பகுதிகள் வேறு.

1922இல் கல்கத்தாவில் நேப்பியர் பரவலாக்கிய ஆல்டிஹைடு சோதனை, மணல் ஈ நோய்க்குச் சீரத்தைச் சாட்சியாக்கிய தொடக்க முயற்சிகளுள் ஒன்று. ஒரு மில்லிலிட்டர் சீரத்தில் ஓரிரு துளி ஃபார்மலின் விட்டால், கருங்காய்ச்சல் முற்றியவரின் சீரம் அவித்த முட்டையின் வெண்கருபோல உறைந்து வெளுக்கும். குருதியில் குளோபுலின் புரதம் மிகுவதே இதற்குக் காரணம். எதிர்ப்பொருள்கள் அப்புரத வகையைச் சார்ந்தவை. ஆனால் எந்த நுண்ணுயிரை எதிர்த்து அவை மிகுந்தன என்பதை இச்சோதனை சொல்லாது. நோய் தொடங்கிச் சில மாதங்கள் கழிந்த பின்னரே இது பயன்தரும் என்பதும் அன்றைய மருத்துவர்கள் அறிந்த குறைபாடு. எளிய கிராமப்புற மருந்தகத்திலும் செய்ய முடிந்தமையால் இது பல பத்தாண்டுகள் நிலைத்தது. மணல் ஈயின் கடியாலேயே கருங்காய்ச்சல் மனிதருக்குத் தொற்றுகிறது என்பதைச் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் ஆகியோர் 1942இல்தான் ஐயமற நிறுவினர். சீரச் சோதனை வழக்கத்திற்கு வந்து இருபது ஆண்டுகள் ஆன பிறகே பரப்பும் பூச்சி உறுதியாயிற்று என்பது ஈண்டு நோக்கத்தக்கது.

நோய்க்கு முன் வந்த எதிர்ப்பொருள்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ராக்கஃபெல்லர் அறக்கட்டளையும் இணைந்து 1952இல் புனேயில் வைரஸ் ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கின. இன்றைய தேசிய வைராலஜி நிறுவனம் அதுவே. 1978இல் இப்பெயர் பெற்றது. மையத்தின் முதற்பணிகளுள் ஒன்று, இந்தியர்களின் சீரத்தைத் திரட்டிப் பூச்சிகளால் பரவும் வைரஸ்களுக்கான எதிர்ப்பொருளைத் தேடுவதாக அமைந்தது. ஸ்மித்பர்ன், கெர், காட்னே ஆகியோர் இதன் முடிவுகளை 1954இல் வெளியிட்டனர்.

அவர்கள் கையாண்டது நடுநிலையாக்கச் சோதனை. அதன் அடிப்படை எளியது. சீரத்தைச் சூடேற்றி அதிலுள்ள பொதுவான எதிர்ப்புப் புரதங்களைச் செயலிழக்கச் செய்வர். பின்னர் அளவறிந்த வைரசோடு அதைக் கலந்து சிறிது நேரம் வைத்திருந்து, சுண்டெலியின் மூளையில் செலுத்துவர்; பிற்காலத்தில் சுண்டெலிக்கு மாற்றாக ஆய்வகத்தில் வளர்க்கப்பட்ட உயிரணுக்கள் பயன்பட்டன. சீரத்தில் எதிர்ப்பொருள் இருந்தால் வைரஸ் அடங்கிவிடும், எலி பிழைக்கும். இல்லையேல் இறக்கும். ஒருவர் தமக்கு எப்போதோ வந்த காய்ச்சலை மறந்திருக்கலாம். அவர் சீரம் மறந்திருக்காது. எலியின் உயிரே விடையாகிறது.

அந்த ஆய்வில், ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரசுக்கான எதிர்ப்பொருள் நாக்பூர் மாவட்டத்திலும் தமிழகத்தின் செங்கற்பட்டு மாவட்டத்திலும் தென்பட்டது. அன்று இந்தியாவில் அந்நோய் எவர்க்கும் கண்டறியப்பட்டிருக்கவில்லை. மூன்றாண்டுகளுக்குப் பின், 1955இல், வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் வடஆர்க்காட்டுக் குழந்தைகளின் மூளைக்காய்ச்சலை வெப் உள்ளிட்ட மருத்துவர்கள் இனங்கண்டனர். புனே மையத்தின் டெல்ஃபோர்டு ஒர்க்கும் ஷாவும் சீரச் சோதனையால் அதை உறுதிசெய்தனர். நோயாளி வருமுன்பே சீரம் அவர் வரவை அறிவித்திருந்தது. இந்திய வைரஸ் ஆய்வு வரலாற்றில் எதிர்ப்பொருள் சோதனை ஈட்டிய பெரும் நம்பிக்கை இவ்வெற்றியிலிருந்து பிறந்தது எனலாம். பிற்கால ஆய்வாளர்கள் 'எதிர்ப்பொருள் உள்ள இடத்தில் வைரஸ் உண்டு' என்று கொண்டதற்கும் இதுவே முன்மாதிரி.

ஆனால் செங்கற்பட்டின் சான்று அவ்வளவு தெளிவாக அமைந்ததற்கு ஒரு காரணம் உண்டு. சீரம் தந்தவர்கள் பெரும்பாலும் பிறந்த ஊரிலேயே வாழ்ந்த வேளாண் மக்கள் என்று கொள்ள அன்று இடம் இருந்தது. ஆய்வு முறையில் வெளிப்படச் சொல்லப்படாத இவ்வனுமானமே முடிவுக்கு வலிமை தந்தது.

நாக்பூர், 1965

1963இல் கல்கத்தாவிலும் 1964இல் சென்னையிலும் பரவிய சிக்குன்குன்யா 1965இல் நாக்பூரை அடைந்தது. அங்கு டெங்குவும் உடன் பரவியது. நாக்பூரும் ஒரு பருத்தி நகரமே. 1877இல் ஜாம்ஷெட்ஜி டாட்டாவின் எம்ப்ரஸ் ஆலை அங்குத்தான் இயங்கத் தொடங்கியது. நாக்பூர்க் காய்ச்சலை ஆராயச் சென்ற புனே மையத்தினர் திரட்டிய குருதி மாதிரிகளுள் இரு நோயாளிகளிடமிருந்து, எதிர்பாராத வைரஸ் ஒன்று வெளிப்பட்டது. அது சிக்குன்குன்யாவும் அன்று, டெங்குவும் அன்று. பட், ரோட்ரிக்ஸ் இருவரும் நாக்பூரின் சந்திபுரா என்னும் பகுதியின் பெயரையே அதற்கு இட்டு 1967இல் அறிவித்தனர். துப்பாக்கிக் குண்டு வடிவுடைய அது, வெறிநாய்க்கடி வைரசின் குடும்பத்தைச் சேர்ந்தது. இரு ஆண்டுகள் கழித்து மகாராட்டிரத்தில் பிடிக்கப்பட்ட மணல் ஈக்களிலும் அது காணப்பட்டது.

செங்கற்பட்டில் எதிர்ப்பொருள் முன்னும் நோய் பின்னும் வந்தன. சந்திபுராவில் வைரஸ் கையில் இருந்தது; ஆனால் அதற்குரிய நோய் எது என்று தெரியவில்லை. அந்த இரு நோயாளிகளுக்கும் இருந்தது காய்ச்சல் மட்டுமே. இந்தியாவின் பல பகுதி மனிதர்களிடமும் விலங்குகளிடமும் நடுநிலையாக்கும் எதிர்ப்பொருள் இருந்ததைச் சோதனைகள் காட்டின. இலங்கையில் பொலனறுவைக் காடுகளின் செங்குரங்குகளிடமும் எதிர்ப்பொருள் காணப்பட்டதாக 1993இல் பீரிசும் பிறரும் எழுதினர். ஆப்பிரிக்காவில் நைஜீரியாவின் முள்ளெலிகளிலும் செனகலின் மணல் ஈக்களிலும் வைரசே கிடைத்தது. இவ்வளவு பரவலாக எதிர்ப்பொருள் இருந்தும் நோயாளிகள் தென்படாததால், இது தீங்கற்ற தொற்று என்னும் எண்ணம் வலுப்பெற்றது. 1980களின் தொடக்கத்தில் மூளை பாதிக்கப்பட்ட ஒரு நோயாளியின் குருதியிலிருந்து இவ்வைரஸ் பிரித்தெடுக்கப்பட்ட செய்தி வெளியான போதும் அவ்வெண்ணம் மாறவில்லை. எதிர்ப்பொருள் மிகுதி, நோயின் எளிமைக்குச் சான்றாக வாசிக்கப்பட்டது. இவ்வாசிப்பு எவ்வளவு பிழையானது என்பதை அடுத்த நிகழ்வு காட்டிற்று.

எதிர்ப்பொருளை முந்திய இறப்பு

2003ஆம் ஆண்டு ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, அன்றைய ஆந்திரப் பிரதேசத்தின் கரீம்நகர், வாரங்கல் முதலிய மாவட்டங்களில் 329 குழந்தைகள் மூளை நோயால் தாக்கப்பட்டனர். 183 பேர் இறந்தனர். அதாவது நூற்றுக்கு ஐம்பத்தைந்துக்கும் மேல். காலையில் விளையாடிய குழந்தைக்குக் காய்ச்சல், வாந்தி, வலிப்பு, நினைவிழப்பு என அடுத்தடுத்து வந்து, பலர் ஒன்றிரண்டு நாள்களுக்குள் இறந்தனர். ஜப்பானிய மூளைக்காய்ச்சல் முதலியவற்றுக்கான சோதனைகள் விடை தரவில்லை. புனே நிறுவனத்தார் நோயாளிகளின் மாதிரிகளிலிருந்து சந்திபுரா வைரசைப் பிரித்தெடுத்து, 2004இல் லான்செட் இதழில் வெளியிட்டனர். அவ்வாண்டே கிழக்குக் குஜராத்தில் இந்நோய் தாக்கியபோது இறப்பு விகிதம் நூற்றுக்கு எழுபத்தைந்தைத் தாண்டியது. 2007இல் வைரஸ் தான் பெயர் பெற்ற நாக்பூர்ப் பகுதிக்கே குழந்தைகளின் மூளைக்காய்ச்சலாகத் திரும்பி வந்தது.

எதிர்ப்பொருள் சோதனையின் எல்லை இங்குத் துலங்குகிறது. தொற்று நேர்ந்ததும் முதலில் தோன்றுவது ஐஜிஎம் வகை எதிர்ப்பொருள். அது கண்டறியத்தக்க அளவை எட்டச் சில நாள்கள் வேண்டும். சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை அது நீடிக்கும். அதன்பின் வரும் ஐஜிஜி ஆண்டுக்கணக்கில் நிற்கும். முப்பத்தாறு மணி நேரத்தில் இறந்துபோகும் குழந்தையின் குருதியில் இவ்விரண்டில் எதுவும் உருவாகியிருக்காது. அக்குழந்தையின் சீரம் எலைசா தட்டில் 'இல்லை' என்றே விடை தரும். வைரசின் மரபுப்பொருளைத் தேடும் பிசிஆர் சோதனையே அந்நேரத்தில் பயன்படும். 2024இல் குஜராத்திலும் இதுவே முதன்மையாகக் கையாளப்பட்டது.

ஆகவே, ஓர் ஊரில் திரட்டப்படும் எதிர்ப்பொருள் கணக்கு, பிழைத்தவர்களின் கணக்கு மட்டுமே. இறந்த குழந்தைகள் அதில் இடம்பெறுவதில்லை. 1965க்குப் பின் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆய்வாளர்கள் படித்த சீரங்கள் அனைத்தும் தப்பியவர்கள் அளித்தவை. அவற்றைக் கொண்டு நோய் எளியது என்று முடிவுசெய்தது, போரில் மீண்டு வந்தவர்களை மட்டும் எண்ணிப் போர் இழப்பற்றது என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

மறுபுறச் சிக்கலும் உண்டு. வடதெலங்கானாவில் பின்னர் நடந்த ஆய்வுகள், வயது கூடக்கூட எதிர்ப்பொருள் உடையோர் விகிதம் உயர்வதையும், வளர்ந்தோரில் பெரும்பான்மையோர் அதைத் தாங்கியிருப்பதையும் காட்டின. அங்குப் பெரியவர்களைப் பொறுத்தவரை எதிர்ப்பொருள் இருப்பது இயல்பு நிலை. எனவே ஒரு நோயாளியிடம் ஐஜிஜி காணப்பட்டால் மட்டும் அவர் நோய்க்குச் சந்திபுராவே காரணம் என்று கூற இயலாது. நோயின் தொடக்கத்தில் ஒன்று, இரண்டு மூன்று வாரம் கழித்து ஒன்று என இரு சீரங்களை எடுத்து, இரண்டாவதில் அளவு பல மடங்கு ஏறியிருப்பதைக் காட்ட வேண்டும். 2003 நிகழ்வில் ஐதராபாத் மருத்துவர்கள் சிலர், இது மூளை அழற்சியன்று, மூளைக் குருதிக் குழாய்களைத் தாக்கும் பக்கவாதம் போன்ற நிலை என்று வாதிட்டு, வைரசின் பங்கையும் கேள்விக்கு உட்படுத்தினர். அவ்விவாதம் நோயியல் சார்ந்தது என்றாலும், எதிர்ப்பொருள் பரவலாக உள்ள மக்களிடையே காரணத்தை நிறுவுதல் எளிதன்று என்பதை அது நினைவூட்டியது.

திருப்பூரில் ஒரு சீரம்

இனித் திருப்பூருக்கு வரலாம். 2009இல் கோவை, ஈரோடு மாவட்டங்களின் பகுதிகளைப் பிரித்து உருவாக்கப்பட்ட இம்மாவட்டம் இருவேறு வாழ்நிலைகளைக் கொண்டது. நகரிலும் அதனைச் சுற்றியும் பனியன் நிறுவனங்கள், சாயப்பட்டறைகள், தொழிலாளர் நெருங்கி வாழும் லைன் வீடுகள். காங்கேயம், தாராபுரம் பக்கமோ கொறங்காட்டு மேய்ச்சலும் ஆட்டுப்பட்டியும் கட்டுத்தரையும். மணல் ஈ தண்ணீரில் முட்டையிடுவதில்லை. சாணமும் மட்கிய இலைதழையும் கலந்த ஈரமண், சுவர்வெடிப்பு, மாட்டுக்கொட்டில் மூலை ஆகியவை அதன் பிறப்பிடங்கள். டெங்குவுக்காகத் தொட்டியைக் கழுவுவதும், தேங்கிய நீரில் மருந்து தெளிப்பதும், டயரை அகற்றுவதும் ஆகிய பணிகள் இப்பூச்சியைத் தொடுவதே இல்லை. கருங்காய்ச்சலைப் பரப்பும் மணல் ஈ வகை தமிழகத்தில் பதிவாகியுள்ள ஒன்று. ஆயினும் பூச்சி உண்டு என்பதால் மட்டும் நோய் உண்டு என்றாகாது.

ஆகவே கேள்வி சீரத்திடம் செல்கிறது. செங்கற்பட்டின் அனுமானம் இங்குச் செல்லாது. தையல், கட்டிங், செக்கிங் பிரிவுகளில் பணிபுரிவோரில் பீகார், ஜார்க்கண்ட், ஒடிசா, மேற்கு வங்கம் முதலிய மாநிலங்களிலிருந்து வந்தோர் பெருந்தொகையினர். தமிழகத்தின் பிற மாவட்டங்களிலிருந்து வந்தோரும் பலர். இவர்களுள் ஒருவரது சீரத்தில் மணல் ஈ நோய் ஒன்றின் எதிர்ப்பொருள் தென்பட்டால் அது எதைக் காட்டும்? கருங்காய்ச்சலைக் கொண்டே விடை காணலாம். அந்நோய் நிலைத்துள்ள மாநிலங்களுள் பீகாரும் ஜார்க்கண்டும் மேற்கு வங்கமும் அடங்கும். அதற்கு இன்று பயன்படும் ஆர்கே-39 பட்டைச் சோதனை எதிர்ப்பொருளையே தேடுகிறது. நோய் குணமாகிப் பல ஆண்டுகள் சென்ற பின்னும் பலரிடம் அது 'உண்டு' என்றே காட்டும். சிறுவயதில் சொந்த ஊரில் நோயுற்றுக் குணமான ஒருவர், திருப்பூரில் வேறொரு காய்ச்சலுக்காகச் சோதிக்கப்பட்டால், பட்டையில் கோடு தோன்றும். அது திருப்பூரின் கோடன்று. அன்றைய காய்ச்சலின் கோடும் அன்று. நெட்லியில் லீஷ்மன் எடுத்த கவனத்தை இங்கு எடுக்கத் தவறினால், ஒரு பழைய தழும்பு புதிய பரவலாகப் பதிவாகும். 'வெளியூரார் கொண்டுவந்த நோய்' என்னும் பேச்சாக அது தெருவில் இறங்கவும் அதிக நாள் ஆகாது. ஆய்வக முடிவு ஒரு மக்கள் தொகுதியின் மீது பழியாக மாறும் இடம் இதுவே என்பதால், வாசிப்பில் காட்டும் கண்டிப்பு இங்கு வெறும் முறையியல் நுணுக்கமாக நின்றுவிடுவதில்லை.

எதிர்த்திசைப் பிழையும் அதே அளவு தீங்கானது. வளர்ந்த தொழிலாளரின் சீரங்களை மட்டும் திரட்டி, கிடைத்த எதிர்ப்பொருள் அனைத்தும் வெளியிலிருந்து வந்தவை என்று ஒதுக்கிவிட்டால், உள்ளூரில் நிகழும் தொற்று ஒருபோதும் புலப்படாது. இரண்டையும் தவிர்க்கும் வழி, வயதையும் வசிப்பிடத்தையும் சேர்த்து நோக்குவதாகும். இம்மாவட்டத்திலேயே பிறந்து, வெளியே தங்கியிராத பதினைந்து வயதுக்குட்பட்ட சிறுவர்களின் சீரமே இம்மண்ணுக்குரிய சாட்சி. அவர்களுள் நெசவாளர், மேய்ச்சல்காரர் பிள்ளைகளும், பனியன் தொழிலுக்காக வந்து குடியேறியோர் இங்கே பெற்ற பிள்ளைகளும் ஒருசேர இடம்பெற வேண்டும். அவர்களிடம் எதிர்ப்பொருள் இருந்தால் வைரஸ் இங்கே உலவுகிறது. பெரியவர்களிடம் மட்டும் இருந்தால் வேறு ஊர்களின் கதையையே கேட்டுக்கொண்டிருக்கிறோம். எதிர்ப்பொருள் இல்லாத குழந்தைகளே இந்நோய்க்கு எளிதில் இரையாவோர் என்பதால், அக்கணக்கில் 'இல்லை' என்று வரும் எண்ணிக்கையும் பயனுடையது.

இவ்வாறு வாசிப்பதற்குத் தேவையான செய்தி சீரத்தில் இராது. சீரத்தோடு வரும் தாளில் இருக்க வேண்டும். காய்ச்சல் நோயாளியின் மாதிரியோடு ஆய்வகத்திற்குச் செல்லும் படிவத்தில் 'முகவரி' என்னும் கட்டத்தில் எழுதப்படுவது பெரும்பாலும் அன்று அவர் தங்கியிருக்கும் லைன் வீட்டின் கதவு எண். பிறந்த மாவட்டம், கடந்த ஐந்தாண்டுகளில் தங்கிய ஊர்கள், காய்ச்சலுக்கு முந்தைய மூன்று வாரங்களில் சென்றுவந்த இடங்கள், வீட்டருகே கால்நடை உண்டா என்பது ஆகிய நான்கு கேள்விகளுக்கு அதே தாளில் நான்கு வரிகள் போதும்.